கணக்கில் வராத ஆட்டங்கள்

பேஸ்பால் கணக்குப்பிள்ளைகளின் விளையாட்டு. நூறு வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஓர் ஆட்டக்காரர் எத்தனை முறை மட்டையோடு வந்தார், எத்தனை முறை வெறுங்கையோடு திரும்பினார் என்பதை இன்றைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தேடி எடுத்துவிடலாம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கிறுக்கு புதிதில்லை. ஆனால் இப்படிப்பட்ட விளையாட்டில், ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் கடைசிவரை நடக்கும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. ஒருவர் பத்து ஹோம் ரன் அடித்திருந்தாலும் சரி, ஒரு அணி எல்லா ஆட்டத்திலும் தோற்றிருந்தாலும் சரி, சீசன் தொடங்கும் நாளில் எல்லாருக்கும் பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பம்.

இதற்கு ஸ்ப்ரிங் ட்ரெய்னிங் என்று பெயர். வசந்தகாலப் பயிற்சி. 30 பெரிய அணிகளில் 15 அணிகள் ஃப்ளோரிடாவுக்குப் போகும், 15 அணிகள் அரிசோனாவுக்கு. ஃப்ளோரிடா பக்கம் ஆடுவதை கிரேப்ஃப்ரூட் லீக் என்பார்கள், அரிசோனா பக்கத்தை கள்ளிச்செடியின் பெயரில் காக்டஸ் லீக் என்பார்கள்.

நியூஜெர்சியில் இன்னும் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மார்ச் மாதத்தில், ஆறு மாத விசாவில் வந்திருந்த அப்பாவையும் அழைத்துக்கொண்டு நான் ஃப்ளோரிடா போனேன். அப்பாவுக்கு கிரிக்கெட் தெரியும். பேஸ்பால் என் வீட்டு டிவியில் பழகியது.

"ஸ்கோர் கணக்குல வராதுன்னா எதுக்குடா டிக்கெட் போடுறான்? நாமளும் எதுக்கு ப்ளேன் ஏறி வந்திருக்கோம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையே அதற்கு நான் தேடிப் பிடித்த பதில்தான்.

*

லேக்லாண்ட் ஊரில் ஓர் ஆட்டம் பார்த்தோம். டெட்ராய்ட் டைகர்ஸ் அணி 1934-லிருந்து, போர்க்காலத்தின் மூன்று ஆண்டுகளைத் தவிர, ஒவ்வொரு வசந்தத்துக்கும் வந்து இறங்கும் ஊர் அது. மைதானத்தின் ஓரத்தில் நாற்காலிக்குப் பதில் புல்மேடு. ஜனங்கள் போர்வையை விரித்துப் படுத்துக்கொண்டே ஆட்டம் பார்க்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் ஆட்டக்காரர்கள். குழந்தைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சீசனில் இதெல்லாம் நடக்காது.

மூன்றாவது, நான்காவது இன்னிங்ஸ் வந்ததும் ஒரு விஷயம் நடந்தது. டிவியில் பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கையுறையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டன. அவர்கள் இடத்துக்கு முதுகில் 84, 91, 96 என்று பெரிய பெரிய எண்களோடு பையன்கள் ஓடி வந்தார்கள். சிலருக்கு முதுகில் எண் மட்டும்தான், பெயர்கூட இல்லை. சீசன் தொடங்கும்போது ஓர் அணியில் 26 பேருக்குத்தான் இடம். பயிற்சி முகாமுக்கு வருகிறவர்களோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். புல்மேட்டில் இருந்தவர்களில் பாதிப்பேர் இந்த நேரத்தில் எழுந்து பார்க்கிங்குக்கு நடையைக் கட்டினார்கள்.

அப்பா நகரவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் 90-க்கு மேல் எண் போட்ட ஒரு பையன், நிச்சயம் அவுட் என்று தெரிந்த பந்துக்கும் முதல் பேஸுக்கு உயிரைக் கொடுத்து ஓடினான்.

"இவன்தான்டா நெசமா விளையாடுறான். மத்தவன் எல்லாம் உடம்ப சூடு பண்ணிக்கிட்டுப் போயிட்டான். இவனுக்குக் கணக்கு இருக்கு."

அது சரிதான். ஏட்டில் ஏறாத ஆட்டம் என்றால் யாருக்கும் எதுவும் ஆகாது என்று பொருள் இல்லை. பேஸ்பாலின் 20-ஆம் நூற்றாண்டுக் கதையில் மிகப் பெரிய விஷயம் ஒன்று இப்படியொரு ஏட்டில் ஏறாத ஆட்டத்தில்தான் தொடங்கியது. அது நடந்த ஊர்கள் எல்லாம் லேக்லாண்டிலிருந்து வடகிழக்கே போகும் அதே நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கின்றன. மறுநாள் காலை அந்த வழியில் வண்டியை விட்டோம்.

*

போவதற்கு முன் கொஞ்சம் முன்கதை. குளிர்கால வடக்கிலிருந்து வெயிலைத் தேடித் தெற்கே போகும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1886-இல் சிகாகோ அணி ஆர்கன்ஸா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸுக்குப் போனது. குளிர்காலம் முழுக்கத் தின்று குடித்து ஊதிய ஆட்டக்காரர்களை வெந்நீர் ஊற்றில் முக்கி எடுத்து இளைக்க வைப்பதுதான் திட்டம். பிறகு ஃப்ளோரிடா ஊர்கள் அணிகளைப் போட்டி போட்டு அழைத்தன. பேஸ்பால் வந்தால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், அவர்கள் எழுதுவதைப் படித்து வடக்கத்திய சுற்றுலாக்காரர்கள் வருவார்கள் என்ற கணக்கு.

கிரேப்ஃப்ரூட் என்ற பெயருக்கும் ஒரு கதை சொல்கிறார்கள். 1915-இல் டேடோனா பீச்சில் புரூக்ளின் அணியின் மேனேஜர் வில்பர்ட் ராபின்சன், விமானத்திலிருந்து போடப்படும் பந்தைப் பிடிக்கிறேன் என்று நின்றாராம். விமானத்தை ஓட்டிய ரூத் லா என்ற பெண்மணி பந்துக்குப் பதில் கிரேப்ஃப்ரூட் பழத்தைப் போட்டுவிட, அது மார்பில் மோதிச் சிதற, சூடாக வழிந்த சாற்றை ரத்தம் என்று நினைத்து மனிதர் அலறிவிட்டாராம். அதே டேடோனா பீச்சுக்கு 31 ஆண்டுகள் கழித்து இன்னொரு ராபின்சன் வந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீசனில் வெளியூர் ஆட்டம் என்றால் இரண்டு மூன்று நாள் தங்கல், அவ்வளவுதான். வசந்தகாலப் பயிற்சி என்றால் ஆறு வாரம் ஓர் ஊரில் குடியிருக்க வேண்டும். தூங்க ஒரு கட்டில், மூன்று வேளை சாப்பாடு, துணி துவைக்க ஓர் இடம், மனைவி மக்கள் கூட வந்தால் அவர்களுக்கு ஒரு கூரை எல்லாம் வேண்டும். அன்றைய ஃப்ளோரிடாவில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் ஓட்டல், உணவகம், பேருந்து இருக்கை, கழிப்பறை எல்லாமே தனித்தனி. பிரித்து வைப்பதுதான் சட்டம்.

*

ஜாக்கி ராபின்சன் 1945 அக்டோபரில் மாண்ட்ரியல் ராயல்ஸ் அணியில் ஒப்பந்தமானார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்குக் கீழே இருந்த அணி அது. புரூக்ளினின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: யார் என்ன சொன்னாலும் என்ன செய்தாலும் திருப்பிக் கொடுக்கக் கூடாது. 1946 பிப்ரவரி 10 அன்று ஜாக்கிக்கும் ரேச்சலுக்கும் லாஸ் ஏஞ்சலிஸில் கல்யாணம். அதே மாதக் கடைசியில் புதுமணத் தம்பதி ஃப்ளோரிடாவுக்கு விமானம் ஏறினார்கள். ஜாக்கியின் அம்மா வழிக்குச் சாப்பிட ஓர் அட்டைப்பெட்டியில் வறுத்த கோழி கட்டிக் கொடுத்திருந்தார்.

நியூ ஆர்லியன்ஸில் அவர்களை இறக்கிவிட்டுக் காத்திருக்க வைத்தார்கள். விமான நிலைய உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட அனுமதியில்லை என்றபோது அந்தக் கோழிப் பெட்டிதான் கை கொடுத்தது. அடுத்த விமானம் பென்சகோலாவில் நின்றபோது மீண்டும் இறக்கிவிட்டார்கள். கடைசியில் பேருந்து. சாய்ந்து தூங்கலாம் என்று முன்பக்க இருக்கையில் உட்கார்ந்தவர்களை ஓட்டுநர் எழுப்பிப் பின்னால் போகச் சொன்னார்.

இதில் ஒரு கொடுமை உண்டு. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ராணுவத்தில் லெஃப்டினன்டாக இருந்தபோது, டெக்சாஸில் இதே மாதிரி ஒரு பேருந்தில் பின்னால் போக மறுத்தவர் இந்த ராபின்சன். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், வாதாடி விடுதலையானார். அன்றைக்கு எழுந்திருக்காதவர் இன்றைக்கு எழுந்து பின்னால் போனார். ரிக்கிக்குக் கொடுத்த வாக்கு அது. இருட்டில் தான் சத்தமில்லாமல் அழுததாக ரேச்சல் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

*

ஆர்லாண்டோவைத் தாண்டியதும் சான்ஃபோர்ட் வருகிறது. ஒரு காலத்தில் செலரிக் கீரை விளைச்சலுக்குப் பேர்போன ஊர். 1946 மார்ச் முதல் வாரத்தில் ராயல்ஸ் பயிற்சியைத் தொடங்கியது இங்கேதான். ராபின்சனோடு இன்னொரு கறுப்பின வீரரும் இருந்தார், ஜானி ரைட் என்ற பிட்சர். அணியின் மற்றவர்கள் ஓட்டலில் இருக்க, இவர்கள் டேவிட் பிராக் என்ற கறுப்பினப் பிரமுகரின் வீட்டில் தங்கினார்கள். பயிற்சி தொடங்கி இரண்டு நாள்கூட முழுதாக முடியவில்லை. இருவரும் ஊரைவிட்டுப் போகாவிட்டால் ஆட்கள் திரண்டு வருவார்கள் என்று சேதி வந்தது. 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினப் பத்திரிகையின் நிருபர் வெண்டல் ஸ்மித்தும் புகைப்படக்காரர் பில்லி ரோவும் இரவோடு இரவாக அவர்களைக் காரில் ஏற்றி டேடோனா பீச்சுக்குக் கொண்டுபோனார்கள்.

டேடோனாவிலும் பிரிவினைச் சட்டம் உண்டு. ஆனால் மேரி மெக்லியோட் பெத்தூன் என்ற கல்வியாளர் 1904-இல் தொடங்கிய பள்ளி அங்கே கல்லூரியாக வளர்ந்திருந்தது. படித்த, ஓட்டுப் போடுகிற, நகர நிர்வாகத்தோடு பேசத் தெரிந்த ஒரு கறுப்பினச் சமூகம் இருந்தது. அவர்களில் ஒருவர் மருந்துக்கடைக்காரரும் உள்ளூர் அரசியல் தலைவருமான ஜோ ஹாரிஸ். அவரும் மனைவி டஃபரினும் ராபின்சன் தம்பதிக்குத் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள்.

1946 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. டேடோனா பீச்சின் சிட்டி ஐலண்ட் மைதானத்தில் மாண்ட்ரியலுக்கும் புரூக்ளினுக்கும் ஆட்டம். ஏறக்குறைய 4,000 பேர் வந்திருந்தார்கள். அதில் ஏறத்தாழ 1,000 பேர் கறுப்பினத்தவர்கள். அவர்களுக்கென்று ஒதுக்கிய தனிப் பகுதி பிதுங்கி வழிந்தது. ராபின்சன் 5 இன்னிங்ஸ் ஆடினார். ஒரு ஹிட்கூட இல்லை. ஒரு பேஸைத் திருடி ஓடினார், ஒரு ரன் எடுத்தார். மைதானத்தில் கலவரம் இல்லை, கல்வீச்சு இல்லை. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மைதானத்தில் ஆடினால் தெற்கத்திய ஊர் தாங்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒரு ஊர் தாங்கிக் காட்டியது.

மற்ற ஊர்கள் அப்படி இல்லை. ஜாக்சன்வில்லில் ராயல்ஸ் அணி போய் இறங்கியபோது மைதானத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். டிலாண்டில் மின்விளக்கு பழுது என்று சொல்லி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். அது பகல் ஆட்டம். ஏப்ரலில் சான்ஃபோர்டுக்குத் திரும்பிப் போனபோது, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே காவல்துறைத் தலைவர் மைதானத்துக்குள் வந்து ராபின்சனை வெளியேற்றச் சொன்னார்.

பிறகு நடந்ததெல்லாம் ஏட்டில் இருக்கிறது. ஏப்ரல் 18 அன்று ஜெர்சி சிட்டியில், முதல் அதிகாரப்பூர்வ ஆட்டத்தில் 4 ஹிட், அதில் ஒரு ஹோம் ரன். அந்த சீசனில் லீகிலேயே சிறந்த பேட்டிங் சராசரி, .349. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளினுக்காகக் களம் இறங்கினார். ஜானி ரைட்டைப் பற்றி ஏட்டில் அதிகம் இல்லை. மாண்ட்ரியலில் ஓரிரு ஆட்டங்களோடு கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டார். புரூக்ளின் அணிக்காகக் கடைசிவரை அவர் களம் இறங்கவில்லை. அதே சான்ஃபோர்ட் ராத்திரியில் அதே காரில் வந்தவர்தான் அவரும்.

*

நம் மனதில் கதை இங்கே முடிந்துவிடுகிறது. சுவர் இடிந்தது, சுபம். ஆனால் ஒவ்வொரு பிப்ரவரியும் அவர்கள் திரும்பவும் ஃப்ளோரிடாவுக்குப் போக வேண்டியிருந்தது.

1947-இல் ஃப்ளோரிடா வேண்டாம் என்று ரிக்கி முகாமை கியூபாவின் ஹவானாவுக்கு மாற்றினார். அங்கும் புரூக்ளின் வீரர்கள் ஹோட்டல் நேஷனலில், ராபின்சனும் மற்ற மூன்று கறுப்பின வீரர்களும் ஒரு மலிவு விடுதியில். 1948-இல் கைவிடப்பட்ட ஒரு கடற்படை விமானத் தளத்தை வீரோ பீச்சில் எடுத்து டாட்ஜர்டவுன் என்று பெயரிட்டார்கள். அதற்குள் எல்லாரும் ஒன்றாகத் தங்கலாம், ஒன்றாகச் சாப்பிடலாம். வாசலைத் தாண்டினால் ஊர் பழைய ஊர்தான். அரிசோனா பரவாயில்லை என்று சொல்லப்பட்டது. ஆனால் கிளீவ்லாந்து அணியின் லேரி டோபிக்கு டூசான் நகரில் அணி தங்கிய ஓட்டலில் இடம் இல்லை.

காரில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பா வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட விளையாடலாம், கூடத் தங்கக் கூடாது. அப்படித்தானே?"

"ஆமாப்பா."

"மாத்தலாகிப் போன ஊர்ல எல்லாம் ஆபீஸ்ல என் டிபன் பாக்ஸைத் தொறந்து சாப்பிட்டிருக்கானுங்க. வீடு கேட்டா மட்டும், நீங்க என்ன ஆளுங்கன்னு கேட்டுட்டு, சொந்தக்காரங்க வர்றாங்க சார்னு சொல்லிருவானுங்க."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

*

1961-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்தது இந்தக் கதையின் அதிகம் பேசப்படாத பகுதி. நியூயார்க் யாங்கீஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற இரண்டு அணிகளுக்கும் அதுதான் பயிற்சி ஊர். ராபின்சன் ஆடத் தொடங்கி 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போதும் எல்ஸ்டன் ஹோவர்ட், பில் வைட், பாப் கிப்சன், கர்ட் ஃப்ளட் போன்ற பெயர்பெற்ற வீரர்கள் அணியின் ஓட்டலில் தங்க முடியாது. அவர்களுக்குக் கறுப்பினக் குடும்பங்களில் அறை பார்த்துக் கொடுத்து வந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் ரால்ஃப் விம்பிஷ்.

1961 ஜனவரியில் வெண்டல் ஸ்மித், அதே வெண்டல் ஸ்மித், இப்போது சிகாகோவின் ஒரு நாளிதழிலிருந்து, இந்த அவமானத்தைப் பற்றி எழுதினார். அந்த மாதக் கடைசியில் டாக்டர் விம்பிஷ் ஓர் அறிவிப்பு செய்தார்: இனிமேல் வீரர்களுக்குத் தனி இடம் பார்த்துக் கொடுக்க மாட்டேன்.

அவர் கையில் இருந்த ஆயுதம் அவ்வளவுதான். ஊர்வலம் இல்லை, வழக்கு இல்லை. இதுவரை செய்த உதவியை இனிச் செய்ய மாட்டேன் என்றார். யோசித்தால் எவ்வளவு கூர்மையான காரியம் என்று புரிகிறது. கறுப்பினக் குடும்பங்கள் அன்போடு திறந்துவிட்ட அறைகள்தான் அணி உரிமையாளர்களைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தன. வீரருக்கு எங்கோ ஒரு கட்டில் கிடைத்துவிடுகிறது. அப்புறம் ஓட்டல்காரரிடம் எதற்குச் சண்டை? 1946-இல் ஹாரிஸ் குடும்பத்தின் விருந்தோம்பல் ராபின்சனைக் காப்பாற்றியது. 1961-இல் அதே விருந்தோம்பல் பிரிவினைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறப்பது ஒரு காலத்தில் நியாயம், மூடுவது இன்னொரு காலத்தில் நியாயம். எது எப்போது என்று விம்பிஷுக்குத் தெரிந்திருந்தது.

அந்த மார்ச்சில் ஊர் வணிகர் சங்கம் வீரர்களுக்கு ஒரு காலை விருந்து வைத்து வெள்ளை வீரர்களை மட்டும் அழைத்தது. பில் வைட் அதை நிருபர்களிடம் சொல்ல, செய்தி நாடெங்கும் போனது. 1962-இல் யாங்கீஸ் அணி ஃபோர்ட் லாடர்டேலுக்கு இடம் மாறியது. கார்டினல்ஸ் அணிக்கு ஸ்கைவே மோட்டல் என்ற விடுதியும் பக்கத்திலேயே இன்னொன்றும் ஏற்பாடாயின. கறுப்பு, வெள்ளை வீரர்களும் குடும்பங்களும் ஒன்றாகத் தங்கினார்கள். வழக்கமாகக் கடற்கரையில் தனி வீடு எடுத்துத் தங்கும் ஸ்டான் மியூசியலும் கென் பாயரும் அதை விட்டுவிட்டு மோட்டலுக்கு வந்தார்கள். ஒரே நீச்சல்குளத்தில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் குளிப்பதை உள்ளூர்க்காரர்கள் காரை மெதுவாக ஓட்டி வேடிக்கை பார்த்தார்களாம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1964-இல், அந்தக் கார்டினல்ஸ் யாங்கீஸை வென்று உலகக் கோப்பையைக் கொண்டுபோனது.

*

சிட்டி ஐலண்ட் மைதானத்துக்கு 1989-லிருந்து ஜாக்கி ராபின்சன் பால்பார்க் என்று பெயர். ஹாலிஃபேக்ஸ் ஆற்றுக்குள் ஒரு சின்னத் தீவில் இருக்கிறது. நாங்கள் போன அன்று ஆட்டம் எதுவும் இல்லை. வாசலில் ராபின்சன் இரண்டு சிறுவர்களோடு வெண்கலச் சிலையாக நிற்கிறார். அப்பா சிலையின் அடியில் இருந்த எழுத்துகளை நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

ராபின்சனின் புரூக்ளின் கணக்கு 1947 ஏப்ரலில்தான் தொடங்குகிறது. டேடோனாவில் அவர் திருடிய பேஸ் அதில் இல்லை. சான்ஃபோர்டில் பாதியில் நின்ற ஆட்டம் இல்லை. பேருந்தின் பின்னிருக்கை இல்லை. டேவிட் பிராக்கின் அறையும், ஜோ, டஃபரின் ஹாரிஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையும், ஒரு ஜனவரி மாதத்தில் டாக்டர் விம்பிஷ் சொன்ன "மாட்டேன்" என்ற ஒரு சொல்லும் எந்த ஏட்டிலும் எண்ணாக ஏறவில்லை. எண்ணாக ஏறிய மற்றதெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.